எண்ணும் பெயரும்: நேட்டால் ஆவணக் காப்பகத்தில் தமிழர் கொடிவழி

சோழர் குலத்தைக் கதிரவனிலிருந்து தொடங்குகிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. முதலாம் இராசேந்திரன் காலத்து அச்செப்பேட்டில் புராண மன்னரும் வரலாற்று மன்னரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். கொடிவழி எழுதுவதில் தமிழகத்துக்குப் பழக்கமில்லை என்று எவரும் கூற இயலாது. ஆனால் செப்பேட்டில் பெயர் வர அரச குலத்தில் பிறந்திருக்க வேண்டும். கோயிற் சுவரில் பெயர் வர ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூறு ஆடு விடும் அளவுக்கேனும் வசதி வேண்டும். நிலமற்ற கூலியாளின் பெயர் அங்கெல்லாம் அரிதாகவே தென்படும். தென்பட்டால், பெரும்பாலும் கோயிலுக்கு விற்கப்பட்ட ஆளாகவே தென்படும்.

ஆங்கிலேயர் ஆட்சியும் இந்த வழக்கத்தைப் பெரிதாக மாற்றிவிடவில்லை. இரயத்துவாரி முறையில் நிலத்தை அளந்து எழுதிய பதிவேடுகளில் பட்டாதாரரின் பெயர் உண்டு. அவருடைய வயலில் இறங்கி உழைத்தவரின் பெயர் இல்லை. 1860இல் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த பண்ணையாள் ஒருவரைப் பற்றி அவருடைய சொந்த ஊரின் ஏடுகளில் தேடினால் ஒன்றும் அகப்படாது. அவர் கப்பலேறியிருந்தால் மட்டும், அவர் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடலில் இருந்த தழும்பு வரை தென்னாப்பிரிக்காவில் ஓர் ஏட்டில் பதிவாகியிருக்கும். அந்த ஏடும் அவர் கைம்மாறிய பொழுதில் எழுதப்பட்டதே.

நேட்டால் குடியேற்றம் 1859இல் சட்டம் இயற்றி, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தருவிக்க வழி செய்துகொண்டது. கரும்பு செழிக்கும் மண் இருந்தது. அதில் உழைக்கச் சூலு மக்கள் தோட்டக்காரர் விரும்பிய நிபந்தனைகளுக்கு இணங்கவில்லை. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்விடியர் வந்தது. முதலாண்டு மாதக் கூலி பத்து ஷில்லிங். ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் உயரும். 1866இல் ஆட்களின் வருகை நின்று, 1874இல் மீண்டும் தொடங்கி, 1911இல் முற்றாக முடிவுற்றது. இந்த இடைக்காலத்தில் 384 கப்பற் பயணங்களில் 1,52,184 பேர் நேட்டால் வந்து சேர்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே வந்தவர்கள். தமிழரும் தெலுங்கருமே அவர்களில் மிகுதி.

வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. ‘குடியேற்ற எண்’ என அது வழங்கியது. கைக்குழந்தைக்கும் எண் உண்டு. தோட்ட முதலாளியின் கணக்கிலும், நீதிமன்றக் கட்டளையிலும், மருத்துவமனைக் குறிப்பிலும், சிறைப் பதிவிலும் அந்த எண்ணே ஆளாக நின்றது. ஒப்பந்தம் முடிந்து விடுதலைச் சீட்டு வழங்கிய பின்னும் எண் ஆளை விட்டுப் போகவில்லை. பெயர் கொண்டவரை எண் கொண்டவராக்கிய இந்த ஏற்பாட்டின் கொடுமை பற்றி எவ்வளவும் எழுதலாம். எனினும், ஒன்றே கால் நூற்றாண்டுக்குப் பின் கொள்ளுப்பேரனும் பேத்தியும் திரும்பிச் செல்ல எஞ்சியிருக்கும் ஒரே வழியும் அந்த எண்தான்.

இந்தியக் குடியேற்றக் காப்பாளர் என்னும் அதிகாரியின் அலுவலகத்தில் திரண்ட கோப்புகள் இன்று குவாசுலு-நேட்டால் மாகாண அரசின் ஆவணக் காப்பகத்தில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரிலும் டர்பனிலுமாக உள்ளன. கப்பற் பட்டியல்களின் படிகள் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தின் ஆவண நடுவத்திலும் சேர்க்கப்பட்டன. அப்பல்கலைக்கழகம் பின்னர் நேட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆய்வாளர் சுரேந்திர பானா இப்பட்டியல்களை ஆதாரமாகக் கொண்டு 1860 முதல் 1902 வரை வந்தவர்களைப் பற்றிய தமது நூலை 1991இல் வெளியிட்டார். அந்நூல் மக்கள்தொகைக் கணக்காக அமைந்தது: எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர், எந்த வயதினர், ஆண் எத்தனை, பெண் எத்தனை. ஒரு குடும்பம் தன் ஒற்றை மூதாதையைத் தேடி வரும்போது வேறொரு வகைப் படிப்பு தேவைப்படுகிறது.

தேடுபவர் கையில் எண் இருந்தால் வேலை எளிது. பழைய டிரங்குப் பெட்டியில் பாட்டி பாதுகாத்த விடுதலைச் சீட்டிலோ, காப்பாளர் அலுவலகத் திருமணப் பதிவிலோ எண் கிடைக்கக்கூடும். எண் இல்லாதவர் பின்னோக்கி நடக்க வேண்டும். தம் பெற்றோரின் பிறப்புப் பதிவு, அவர்தம் பெற்றோரின் திருமணப் பதிவு, அதற்கும் முந்தியவரின் இறப்பு அறிவிப்பு என ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். இங்கு ஒரு விந்தை: கொடிவழி தேடுவோருக்கு மரணம் உதவும் அளவுக்குப் பிறப்பு உதவுவதில்லை. சிறிதளவு சொத்தேனும் வைத்துவிட்டு இறந்தவர் பற்றிய கோப்பில் அவருடைய பெற்றோர், துணை, மக்கள் ஆகியோரின் பெயர்கள் ஒரே தாளில் கிடைக்கின்றன. ஒன்றுமில்லாமல் இறந்தவர் அங்கும் ஓரிரு வரியில் முடிந்துபோகிறார்.

எண் கிடைத்துக் கப்பற் பட்டியலை அடைந்த பிறகே உண்மையான இடர் தொடங்குகிறது. பட்டியலை எழுதியவர்கள் ஆங்கிலம் எழுதும் குமாஸ்தாக்கள். தம் பெயரைச் சொன்னவர்களுள் பெரும்பாலோர் அதை எழுதத் தெரியாதவர்கள்; எழுதப்பட்டது சரிதானா என்று பார்க்க இயலாதவர்கள். ஆங்கில நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. லகர ளகரமும், ரகர றகரமும், மூன்று வகை நகரமும் ஒன்றாகிவிடுகின்றன. குறிலுக்கும் நெடிலுக்கும் வேற்றுமை தெரிவதில்லை. முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆயினர். முதலி ‘மூட்லி’ ஆனார். ஆச்சாரி ‘ஆர்ச்சரி’ ஆனார். சுப்பிரமணியின் ஈற்றில் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளே வந்து உட்கார்ந்துகொண்டன. பத்து ஷில்லிங் கூலிக்கு வந்தவருக்கு அது பொருந்தாத அணிகலன். இவ்வடிவங்களே பின்னர்க் குடும்பப் பெயர்களாகி இன்றளவும் தென்னாப்பிரிக்காவில் நிலைத்துள்ளன.

குடும்பப் பெயர் என்பதே அங்கு புதிதாக வந்த வழக்கம். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைச் சுமப்பவர். நேட்டால் அலுவலகமோ பரம்பரைக்கு ஒரே பெயரை எதிர்பார்த்தது. ஆகவே ஒரு வீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராயிற்று. அடுத்த வீட்டில் பாட்டன் பெயர். இன்னொன்றில் சாதிப் பட்டம். உடன்பிறந்தார் இருவர் வெவ்வேறு குடும்பப் பெயருடன் பதிவாகி, அவர்தம் பேரர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நகரில் வாழ்வதும் நேரக்கூடியதே. அடைவு நூலில் குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுபவர் இதனால் ஏமாறுவார்.

‘சாமி’ என்ற ஈற்றின் கதை தனியே சொல்லத் தக்கது. இராமசாமி, முனுசாமி, சின்னசாமி என அடுக்கி வந்த பெயர்களைக் கேட்ட வெள்ளையர் இந்தியர் அனைவரையும் ‘சாமி’ என்றே அழைக்கத் தலைப்பட்டனர். தலைவன் என்னும் பொருளுடைய சொல்லைக் கூலியை இழிவாக விளிக்கப் பயன்படுத்தியதைக் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். காய்கறி விற்கும் ஆண் எவராயினும் சாமி; வீட்டு வேலை செய்யும் பெண் எவராயினும் மேரி.

பெயர்களைத் தமிழ்ச் செவியால் கேட்டுப் படிப்பவருக்குப் பட்டியல் வேறொரு முகம் காட்டும். குப்பன், குப்பாயி, பிச்சை என்னும் பெயர்களை ஆங்கிலக் குமாஸ்தா வெறும் ஒலியாக எழுதிச் சென்றார். முன் பிறந்த குழந்தைகள் இறந்துபட்ட வீட்டில், இக்குழந்தையாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்தும், பிறரிடம் பிச்சையாகப் பெற்றும் இடும் பெயர்கள் அவை என்பதைத் தமிழ் நாட்டார் அறிவர். பட்டியலில் வரும் ஒரு குப்பாயியின் பின்னால், பட்டியலில் வராத அண்ணனோ அக்காளோ இருந்திருக்கக்கூடும். பச்சையம்மாள், மன்னார்சாமி, எல்லப்பன், எல்லம்மாள் என்று வரும் பெயர்கள் செங்கற்பட்டு, ஆர்க்காட்டுப் பகுதிகளின் தெய்வங்களை நினைவூட்டும். சுடலைமுத்து, இசக்கி என்றால் தாமிரபரணிக்கரைப் பக்கம் மனம் செல்லும். ஊர்ப் பெயர் சிதைந்திருக்கும் இடத்தில் ஆட்பெயரே திசை காட்டக்கூடும். இதை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் கூடாது. பழனிக்கு நேர்ந்துகொள்ளும் குடும்பம் எந்த மாவட்டத்திலும் உண்டு. ஆயினும், அகரவரிசை அடைவு தராத ஒளியை மொழியறிவு தருகிறது. இப்பணிக்கு வரலாற்றுப் பட்டத்தைக் காட்டிலும், சிற்றூர்ப் பெயர்களைக் காதால் கேட்டு வளர்ந்தவரின் செவி கூடுதலாகப் பயன்படும்.

ஊர்ப் பெயர்களின் சிக்கல் இன்னும் பெரிது. மாவட்டம், வட்டம், ஊர் என்று மூன்று கட்டங்கள். புத்தூர், நல்லூர், மேட்டூர், புதுப்பாளையம் போன்ற பெயர்கள் வட்டத்துக்கு ஒன்றேனும் இருக்கும். வட்டத்தின் பெயர் தெளிவாக இல்லாவிடின் ஊர்ப் பெயர் கிடைத்தும் பயனில்லை. மாவட்டப் பெயரை இன்றைய நிலப்படத்தை வைத்துப் பொருள்கொள்பவர் வழிதவறுவார். பட்டியலின் வட ஆர்க்காடு இன்றைய வேலூர், இராணிப்பேட்டை ஆகியவற்றோடு முடிவதன்று. சித்தூர், சந்திரகிரி, புங்கனூர் ஆகிய பகுதிகளும் அதில் அடங்கியிருந்தன. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல். அதாவது கடைசிக் கப்பல் நேட்டால் சென்ற அதே ஆண்டில். எனவே பட்டியற்காலம் முழுவதும் ‘வட ஆர்க்காடு’ என்று எழுதப்பட்டவருள் இன்றைய ஆந்திர மாநிலத்து ஊரினரும் உளர். தாம் தமிழரென்று மூன்று தலைமுறையாக நம்பிவந்த குடும்பம் தெலுங்கு ஊரொன்றில் வேர் காண்பதும், அதற்கு மாறாக நடப்பதும் இதனால்தான். சேலம் என்றால் தருமபுரியும் ஓசூரும் அதில் சேரும். இராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் உருவாயிற்று. அதற்கு முன் சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் திருநெல்வேலிக்குள் இருந்தன. இவற்றையெல்லாம் அறிய, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பழைய மாவட்ட விவரச் சுவடிகளும் வட்டவாரி ஊர்ப் பட்டியல்களும் துணையாகும். சென்னை அரசின் குடிபெயர்வு பற்றிய நடவடிக்கைக் குறிப்புகளும் அங்கேயே உள்ளன. நேட்டாலில் பாதி, எழும்பூரில் பாதி என்று பிரிந்து கிடக்கும் ஏடு இது.

சாதிக் கட்டத்தைப் பற்றி எச்சரிக்கை தேவை. தொடக்ககாலப் பட்டியல்களில் ‘மலபார்’, ‘ஜெண்டு’ என்ற சொற்கள் சாதிப் பெயர் போல எழுதப்பட்டன. அக்கால ஆங்கில வழக்கில் மலபார் என்பது தமிழரையும் ஜெண்டு என்பது தெலுங்கரையும் குறித்தன. எழுதியவருக்குச் சாதி, மொழி, சமயம் எல்லாம் ஒரே கட்டத்துச் சரக்கு. பின்னாளில் விவரம் கூடுகிறது. ஆனால் உண்மை கூடியதா என்பது வேறு வினா. முகாமில் ஆளெடுப்பவர் எத்தகைய ஆளை விரும்பினார் என்பதற்கேற்பச் சாதியை மாற்றிச் சொன்னவர் இருக்கலாம். ஊரில் தம்மைத் தீண்டாதவராக வைத்திருந்த பெயரைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வேறு பெயர் சூடியவரும் இருக்கலாம். பட்டியலில் ஒரு சாதி, பேரனின் குடும்பப் பெயரில் வேறொரு பட்டம் என்ற நிலை காணப்படுமிடத்துச் சில குடும்பங்கள் மனம் கலங்குகின்றன. கலங்க வேண்டியதில்லை. கடல் கடந்ததால் அவர்கள் பெற்ற சில நன்மைகளுள் அந்தப் பெயர்மாற்றமும் ஒன்று.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது ஒவ்வொரு கப்பலுக்கும் விதிக்கப்பட்ட கணக்கு. இந்தக் கணக்கை நிரப்பும் பொருட்டே பல பெண்கள் சேர்க்கப்பட்டனர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பாரதி பாடினார். நேட்டால் தோட்டப் பெண்களின் துயரமும் அதற்குக் குறைந்ததன்று. பட்டியலில் தனியே வந்த பெண்கள் பலர். அவர்கள் கைம்பெண்களா, கணவனை நீங்கியவர்களா, பஞ்சத்தில் குடும்பத்தை இழந்தவர்களா என்று கட்டங்கள் சொல்லுவதில்லை. ஒரே கப்பலில் அடுத்தடுத்த எண்களுடன் வந்த ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக எழுதப்பட்டிருப்பினும், அவ்வுறவு ஊரிலேயே அமைந்ததா, சென்னை முகாமில் அமைந்ததா என்பது தெரியாது. மரபுவழித் திருமணங்கள் பலவும் பதிவுபெறாமையால், தாயின் பெயரைத் தேடும் வழி தந்தையின் பெயரைத் தேடும் வழியைவிட விரைவில் அடைபட்டுவிடுகிறது. கொடிவழிப் படங்கள் பலவற்றில் பாட்டியின் இடம் வெறும் கோடாக நிற்பதற்கு இதுவும் காரணம்.

பட்டியல் ஒருவரை வரவேற்று, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்று எழுதியதோடு நின்றுவிடும். அதன் பிறகு அவர் வாழ்ந்தாரா என்பதை அறியக் காப்பாளர் அலுவலகக் கோப்புகளுக்குச் செல்ல வேண்டும். குறைவான அரிசி, பிடித்தம் செய்த கூலி, சர்தாரின் அடி, அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறியதற்குச் சிறை ஆகியவையே அங்கு பெரும்பாலும் பேசப்படும் பொருள்கள். இறந்தவரின் சிறு சேமிப்பைச் சென்னை மாகாணத்து உறவினருக்கு அனுப்புவது பற்றிய கடிதங்களும் உண்டு. அஷ்வின் தேசாயும் குலாம் வாகிதும் 2007இல் வெளியிட்ட ஆய்வு நூல் இத்தகைய கோப்புகளிலிருந்து தனிமனித வாழ்வுகளைத் தொகுத்துக் காட்டியது. பானா எண்ணிக்கையாகத் தந்ததை அவர்கள் கதைகளாகத் தந்தனர் எனலாம், இரண்டும் தேவை.

பாலசுந்தரத்தின் வழக்கு அனைவரும் அறிந்தது. 1894இல் முன்பற்கள் உடைந்து, இரத்தம் வழிய, தலைத்துணியைக் கையில் ஏந்தியபடி அவர் காந்தியின் அலுவலகத்துக்குள் வந்தார். காந்தியின் எழுத்தர் தமிழராக இருந்தமையால் அவர் சொன்னது விளங்கிற்று. முதலாளியை விட்டு நீங்குவதே குற்றம் என்ற சட்டம் நிலவிய நாட்டில், காப்பாளர் ஒப்பந்தத்தை நீக்க வேண்டும், அல்லது வேறு முதலாளிக்கு மாற்ற வேண்டும், வேறு வழியில்லை. பாலசுந்தரம் வேறு முதலாளிக்கு மாற்றப்பட்டார். காந்தி எழுதியதால் அவர் பெயர் நிலைத்தது. அவரைப் போன்றே அடிபட்டுக் காப்பாளரிடம் சென்ற பிறரின் முறையீடுகள் கோப்புகளில் உள்ளன. அவற்றைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தமிழில் அழுதுகொண்டு சொல்லப்பட்டது, மொழிபெயர்ப்பாளர் வாயில் ஆங்கிலமாகி, எழுத்தர் கையில் சட்ட நடையாகி நமக்கு வந்துள்ளது. ‘வாக்குமூலம் அளித்தவர் கூறுவதாவது’ என்ற தொடருக்குப் பின்னால் எந்த ஊர்ப் பேச்சு இருந்தது என்பதை எந்த ஆவணமும் வைத்திருக்கவில்லை.

இந்த ஏடுகளில் வாராதவரும் பலர். தம் செலவில் கப்பலேறிச் சென்ற வணிகரும் எழுத்தரும் ஆசிரியரும் கூலிப் பட்டியலில் இல்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் போற்றும் தில்லையாடி வள்ளியம்மையின் குடும்பம் போன்றவற்றை அங்குத் தேடுவது வீண். ஒப்பந்தம் முடித்து விடுதலை பெற்றோர் மீது 1895ஆம் ஆண்டின் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தது. அதைக் கட்ட இயலாமல் மீண்டும் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் அதே எண்ணுடன் ஏடுகளில் தொடர்கிறார்கள். திரும்பிச் சென்றவர்களோ சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் மறைந்துபோகிறார்கள். அவ்வரி 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின் 1914இல் நீக்கப்பட்டது. திரும்பியவர்கள் தம் ஊரில் ஏற்றுக்கொள்ளப்பட்டார்களா, மறுபடி எங்கோ கப்பலேறினார்களா என்பதற்குத் தமிழகத்து ஏடுகள் விடை தருவதில்லை. நிலமின்றிச் சென்றவர் நிலமின்றித் திரும்பினால், பட்டாப் பதிவேட்டில் அவருக்கு இரண்டாம் முறையும் இடமில்லை.

செய்யக்கூடிய வேலை ஒன்று தெளிவாக உள்ளது. கப்பற் பட்டியல்களில் ஆங்கில எழுத்தில் உள்ள ஊர்ப் பெயர்களை, அக்காலத்து வட்டவாரி ஊர்ப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் பொருந்தக்கூடிய தமிழ் வடிவங்களைத் தரும் அகராதி ஒன்று வேண்டும். ஒரு பெயருக்கு மூன்று ஊர்கள் பொருந்தினால் மூன்றையும் தர வேண்டும். ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை மறைக்கலாகாது. செங்கற்பட்டும் இரண்டு ஆர்க்காடுகளும் முதலில் எடுத்துக்கொள்ளத் தக்கவை. வட்டம் ஒன்றுக்கு, அவ்வட்டத்திலேயே பிறந்து வளர்ந்த இருவர் உட்கார்ந்தால் போதும். பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டு எழுத வேண்டும். 1860இலும் அப்படித்தான் எழுதினார்கள். கேட்டவருக்குத் தமிழ் தெரியவில்லை, அவ்வளவே.